ஆறு வார்டு பார்த்து ஓடுவதில்லை

புனித வெள்ளியன்று இசிபிங்கோவுக்குப் போகிறவர்கள் காரைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நடுநகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இருக்கும் இந்தக் கடலோரப் புறநகரில், 1870 வாக்கில் எழுந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. அன்றைக்கு அங்கே ஆயிரக்கணக்கில் ஜனம் கூடும். ஈஸ்டருக்கும் மாரியம்மனுக்கும் என்ன சம்பந்தம் என்று தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கேட்பது வழக்கம். காலண்டர்தான் சம்பந்தம். கூலி வேலைக்கு வந்த நம் ஆட்களுக்குச் சேர்ந்தாற்போல நாலு நாள் விடுமுறை கிடைத்தது அப்போதுதான். அம்மன் திருவிழா அந்த விடுமுறையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த ஒரு நாளை உற்றுக் கவனித்தால் இந்த ஊரின் உள்ளாட்சி பாதி புரிந்துவிடும். வரிசை, பந்தல், அன்னதானம் எல்லாம் கோயில் நிர்வாகத்தின் பொறுப்பு. போக்குவரத்தைத் திருப்பிவிடுவது மெட்ரோ போலீஸ். குப்பை, குழாய்த் தண்ணீர், தெருவிளக்கு ஆகியவை ஈத்தெக்வினி மாநகராட்சியின் பாடு. டர்பனையும் சுற்றுவட்டாரத்தையும் ஒன்றாகச் சேர்த்த மாநகராட்சிக்கு வைத்த ஜூலுப் பெயர் அது. ஒரு இடம், ஒரு நாள், ஒரு கமிட்டி, ஒரு மாநகராட்சி. எது பிசகினாலும் யாரைக் கேட்பது என்று எல்லோருக்கும் தெரியும்.

அங்கிருந்து கிழக்கே கொஞ்சம் போய்க் கழிமுகத்தைப் பார்த்தால் கதை வேறு. அலையாத்தி மரங்கள் இன்னும் மிச்சமிருக்கின்றன. ஆனால் தண்ணீர் பல நாள் தேங்கித்தான் கிடக்கும். சாக்கடை கலந்துவிட்டது என்ற புகார் வருடக்கணக்காக வருகிறது. திருவிழாவைச் சமாளிக்கிற அதே மாநகராட்சி, அதே மக்கள், இங்கே மட்டும் ஏன் திணறுகிறார்கள்?

முதல் காரணம் பூகோளம். உம்லாசி ஆறும் இசிபிங்கோ ஆறும் ஒரு காலத்தில் ஒரே கழிமுகத்தில் சேர்ந்து கடலுக்குப் போயின. 1951-ல் பக்கத்தில் ரியூனியன் என்ற இடத்தில் விமான நிலையம் வந்தது (ரியூனியன் தீவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இது டர்பனுக்குள்ளேயே இருக்கும் ஒரு பேட்டை). அப்புறம் பிராஸ்பெக்டன் தொழிற்பேட்டை. இவற்றுக்கு இடம் வேண்டும் என்பதற்காகப் பெரிய ஆறான உம்லாசியைக் கான்கிரீட் கால்வாய்க்குள் திருப்பி, நேராகக் கடலில் விட்டுவிட்டார்கள். கழிமுகத்துக்கு மிஞ்சியது சின்ன ஆறு மட்டும். அதன் ஓட்டத்துக்கு மணலைத் தள்ளும் வலு இல்லை. வாய் அடைத்துக்கொள்கிறது. மேலிருந்து எது வந்தாலும் அங்கேயே நிற்கிறது.

மேலே இருப்பது யார்? உம்லாசி நகர்ப்பகுதி. லட்சக்கணக்கான ஆப்பிரிக்க மக்கள் வாழும் இடம். நடுவில் தொழிற்சாலைகள். கீழே நாம். ஒரே நீர்ப்பிடிப்பு, ஆனால் பல வார்டுகள். இசிபிங்கோ கவுன்சிலர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பக்கத்து வார்டில் உடைந்த குழாயை அவரால் தன் வார்டு வேலையாக எழுத முடியாது.

இரண்டாவது காரணம் வரலாறு. இது கொஞ்சம் நீளம், ஆனால் இதைத் தாண்டிக் குதிக்க வழியில்லை.

1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து வந்த டிரூரோ கப்பல், டர்பன் அடங்கிய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலின் துறைமுகத்தில் கூலி ஒப்பந்தத்தில் வந்த ஆள்களை இறக்கியது. ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் டர்பனின் தெற்குச் சமவெளியில் நிலம் பிடித்துக் காய்கறி போட்டார்கள். இசிபிங்கோ அந்தக் காய்கறிக்காரர்களின் ஊர். ஊர் வளர்ந்தது, உரிமை சுருங்கியது. 1896-ல் நேட்டால் அரசு இந்தியர்களின் சட்டமன்ற வாக்குரிமையை எடுத்துக்கொண்டது. 1924-ல் இன்னொரு சட்டம் நகராட்சி வாக்காளர் பட்டியலில் அவர்கள் சேரும் வழியையும் அடைத்தது. வரி மட்டும் வழக்கம்போலக் கட்டலாம். 1946-ல் நிலச்சட்டத்தை எதிர்த்து நேட்டால் இந்தியக் காங்கிரஸ் சத்தியாகிரகம் தொடங்கியபோது அதற்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் ஜி.எம். நாயக்கர். எங்கே குடியிருக்கலாம், யார் ஆளலாம் என்ற இரண்டு கேள்வியும் அந்தப் போராட்டத்தில் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்தன.

1950-ன் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் இதற்குத் தன் பாணியில் பதில் சொன்னது. காட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து இந்தியர்கள் பெயர்க்கப்பட்டார்கள். இசிபிங்கோவின் கடற்கரைப் பக்கம் நடந்தது தலைகீழ். வெள்ளையர் ஓய்வெடுக்க வந்துகொண்டிருந்த இடம் அது. அறுபதுகளில் இந்தியர் பகுதி என்று அறிவிக்கப்பட, வெள்ளையர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். கடலோர வீடு நமக்குக் கிடைத்தது. அது எந்தச் சட்டத்தின் கையால் கிடைத்தது என்பதைப் பற்றி இங்கே அதிகம் பேச மாட்டோம்.

அப்புறம் "உள்ளூர் விவகாரக் குழு" என்று ஒன்று வந்தது. இந்தியர்கள் ஆலோசனை சொல்லலாம், முடிவு வெள்ளையர் மன்றம் எடுக்கும். பலர் அதைப் புறக்கணித்தார்கள். அறுபதுகளின் இறுதியில் வடக்கே வெருலமும், எழுபதுகளில் இசிபிங்கோவும் இந்தியர்களே நடத்தும் தனி ஊராட்சிகளாயின. பழைய ஆள்கள் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசினால் ஒரு ஏக்கம் தெரியும்: "ஆபீஸ் இங்கேயே இருந்தது, டவுன் கிளார்க்கை நேரில் பார்க்கலாம்." உண்மைதான். ஆனால் அந்தச் சின்ன ஊராட்சிக்கு மேலே உம்லாசியை ஆண்டது, ஜூலு மக்களுக்கென்று இனவெறி அரசு தனியாக ஒதுக்கிவைத்த குவாசூலு நிர்வாகம். உம்லாசி மக்கள் டர்பனின் தொழிற்சாலைகளில் உழைத்தார்கள். அந்தத் தொழிற்சாலைகள் கட்டிய வரி அவர்கள் தெருவுக்குக் குழாய் போடப் போகவில்லை. இன்றைக்கு மேலிருந்து வரும் சாக்கடையின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. "அவங்க அசுத்தம் பண்றாங்க" என்று நம் வீடுகளில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். குழாயே போடாமல் குடியேற்றப்பட்ட ஊரை அப்படிச் சொல்வது நியாயமில்லை.

எண்பதுகளில் வீட்டு வாடகை உயர்வை எதிர்த்து டர்பன் வீட்டுவசதிப் போராட்டக் குழு போன்ற அமைப்புகள் எழுந்தன. இந்தியர் பேட்டைகளில் 'சிவிக்' (குடியிருப்போர் அமைப்பு) என்ற சொல் வீட்டுச் சொல்லானது அந்தக் காலத்தில்தான். நாடு முழுக்கக் குடியிருப்போர் இயக்கங்கள் வைத்த கோரிக்கை ஒன்று: ஒரே நகரம், ஒரே வரிப்பணம். பணக்காரப் பேட்டையின் வரியும் ஏழைப் பேட்டையின் தேவையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வர வேண்டும் என்பது பொருள். 1996 ஜூன் 26-ல், டர்பன் இருக்கும் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் எல்லோரும் வாக்களித்த முதல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. டர்பன் பெருநகரம் அப்போது ஆறு மன்றங்களாக இருந்தது. 2000 டிசம்பர் 5 தேர்தலோடு ஆறும் கரைந்து ஈத்தெக்வினி பிறந்தது.

சென்னைக்காரர்களுக்கு இது புரியும். 2011-ல் திருவொற்றியூர் நகராட்சி சென்னை மாநகராட்சிக்குள் போனபோது அங்கும் இதே பேச்சுத்தான்: வசதி வருமா, வாசல் தூரமாகுமா? அளவில்தான் வித்தியாசம். விரிந்த சென்னை 426 சதுர கிலோமீட்டர். ஈத்தெக்வினி 2,500-க்கும் மேல். 2022 கணக்கெடுப்பின்படி இங்கே 42 லட்சம் பேர். மலை, கரும்புக்காடு, கிராமத் தலைவர்களின் நிலம், துறைமுகம், நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கடற்கரை எல்லாம் ஒரே மன்றத்தின் கீழ்.

என் கருத்து இதுதான்: இணைத்தது சரி. உம்லாசிக்கும் இசிபிங்கோவுக்கும் ஒரே மன்றம் இல்லாமல் அந்த ஆற்றை யாராலும் சரிசெய்ய முடியாது. ஆனால் இணைத்தவர்கள் மன்றத்தை ஒன்றாக்கினார்களே தவிர, மக்கள் பேசும் இடத்தை வார்டு வார்டாகத் துண்டுபோட்டுவிட்டார்கள். பிரச்சினை நீர்ப்பிடிப்பின் அளவில் இருக்கிறது, முறையிடும் இடம் வார்டின் அளவில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

வார்டு எப்படி இயங்குகிறது என்று பார்க்கலாம். மன்றத்தில் 222 இடம். அதில் 111 வார்டு உறுப்பினர்கள், மீதி 111 பேர் கட்சிப் பட்டியலிலிருந்து. வாக்காளருக்கு இரண்டு சீட்டு: ஒன்று வார்டு வேட்பாளருக்கு, ஒன்று கட்சிக்கு. வார்டில் தோற்ற கட்சியும் பட்டியல் கவுன்சிலர் ஒருவரைப் பகுதிக்கு அனுப்பிவைக்கும். அதனால் "நம்ம கவுன்சிலர்" என்று இரண்டு மூன்று பேர் சுற்றிக்கொண்டிருப்பார்கள். 2021-ல் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் 96 இடம் பிடித்துப் பெரும்பான்மையை இழந்தது. அதிலிருந்து எந்த முடிவுக்கும் கூட்டணிக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் போல மேயர் தானாக ஆட்சிக்குழுவை அமைப்பதும் இங்கே கிடையாது. பத்துப் பேர் கொண்ட செயற்குழுவில் கட்சிகள் தங்கள் பலத்துக்கு ஏற்ப உட்காரும். அவர்களில் ஒருவர் மேயர். நிர்வாகத்தை நடத்தும் நகர மேலாளரை மன்றமே நியமிக்கிறது. தமிழ்நாட்டில் மாநில அரசு ஐ.ஏ.எஸ். கமிஷனரை அனுப்புவது போன்ற ஏற்பாடு இங்கே இல்லை.

மக்கள்தொகையை வார்டுகளால் வகுத்தால் வார்டுக்கு ஏறத்தாழ 38,000 பேர். வார்டுக் குழுவில் கவுன்சிலர் தலைவர், அவரோடு அதிகபட்சம் பத்து உறுப்பினர்கள். குழு பரிந்துரைக்கலாம், செலவுக்கு உத்தரவு போட முடியாது. கவுன்சிலரும் தனியாக ஒரு பம்பு வாங்க முடியாது. புகாரைத் துறைக்கு அனுப்புவார், மன்றத்தில் கேள்வி கேட்பார், பட்ஜெட்டில் ஒரு செலவைச் சேர்க்கச் சண்டை போடுவார். அவ்வளவுதான் அவர் கையில் இருப்பது. அது தெரியாமல் அவரைத் திட்டிக்கொண்டிருப்பதில் எங்கள் வாட்ஸாப் குழுக்கள் பாதி ராத்திரியைக் கழிக்கின்றன.

பட்ஜெட் என்றதும் கொட்டாவி வரும், தெரியும். ஆனால் வாசல் திறந்திருக்கும் நாள்கள் அவைதான். நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. அதற்கு 90 நாள் முன்பே, அதாவது மார்ச் முடிவதற்குள், வரைவு பட்ஜெட்டை மன்றத்தில் வைக்க வேண்டும் என்பது 2003-ன் நகராட்சி நிதிச் சட்டம். ஏப்ரல், மே மாதங்களில் மக்கள் கருத்து சொல்லலாம், எழுதியும் கொடுக்கலாம். ஐந்தாண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டமும் அதோடு ஒட்டியே வரும். ஒரு பம்பு நிலையம் அந்தத் திட்டத்தில் பெயரோடு இல்லையென்றால், அது அடுத்த வருடமும் பழுதாகவே நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டங்கள் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் நடக்கும். தமிழைப் பேணவும் மதிக்கவும் வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வார்டுக் கூட்டத்தில் தமிழ் கேட்டால் அது பின்வரிசையில் யாரோ ஒரு ஆயா பேத்தியைக் கூப்பிடும் சத்தமாகத்தான் இருக்கும்.

கடற்கரை இன்னும் சிக்கல். அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை கடற்கரைகளை உள்ளாட்சியின் பட்டியலில் வைக்கிறது. உயிர்காப்பாளர், கழிப்பறை, மணல் சுத்தம், தண்ணீர்ப் பரிசோதனை ஆகியவை மாநகராட்சி பார்க்க வேண்டியவை. சுறாவலை கட்டுவது மாகாண அமைப்பான சுறா வாரியம். கரையும் கடலும் குடிமக்களுக்காக அரசு பொறுப்பில் வைத்திருக்கும் பொதுச்சொத்து என்கிறது 2008-ன் கடலோரச் சட்டம். ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கரையோரம் ஏறி வரும்போது இந்திய வலைக்காரக் குடும்பங்கள் படகை இறக்குவார்கள், ஊரே வாளியோடு ஓடும். அந்த வலைக்கு உரிமம் கொடுப்பது தேசிய அரசு. கழிவுநீர் நிலையம் ஆற்றில் எதை விடலாம் என்று உரிமம் தருவதும் தேசிய நீர்த்துறை. பள்ளிக்கூடமும் பெரிய ஆஸ்பத்திரியும் மாகாணம். எல்லாப் புகாரையும் ஒரே கவுன்சிலர் தலையில் போட்டால் அவர் என்னதான் செய்வார்?

இந்தப் பிளவின் விலையை 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பார்த்தோம். வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடக்கே டோங்காட்டில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அடித்துக்கொண்டு போனது. மக்கள் பல மாதம் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றார்கள். கழிவுநீர் பம்புகளும் சுத்திகரிப்பு நிலையங்களும் சேதமாகிக் கடற்கரைகள் மூடப்பட்டன. பிராஸ்பெக்டனில் டொயோட்டா கார்த் தொழிற்சாலை மூழ்கிச் சில மாதம் நின்றது. கால்வாயைப் பராமரிக்கவில்லை என்று அந்த நிறுவனமும் அதன் காப்பீட்டாரும் மாநகராட்சி உட்பட மூன்று அரசு அமைப்புகள் மீது வழக்குத் தொடுத்தார்கள். ஆறு வழிமாற்றப்பட்ட இடத்தில் கால்வாய் யாருடையது என்று கேட்க, அவ்வளவு பெரிய கம்பெனிக்கே மூன்று வாசல் தேவைப்பட்டது. காய்கறிப் பாத்தியை இழந்தவர் எந்த வாசலுக்குப் போவார்?

அரசு வராத இடத்தில் சமூகம் வருகிறது. கோயில், மசூதி, தேவாலயம், ரேட்பேயர்ஸ் (சொத்துவரி கட்டுவோர்) சங்கம், தெருக்காவல் குழு எல்லாம் தண்ணீர் விநியோகத்திலிருந்து சவ அடக்கம் வரை செய்தன. வாக்குரிமை இல்லாத காலத்தில் பள்ளிக்கூடத்தையே தாமாகக் கட்டிக்கொண்ட சமூகம் இது, அந்தப் பழக்கம் போகவில்லை. அதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. ஆனால் 2021 ஜூலைக் கலவரத்தில், டர்பனுக்கு வடக்கே இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் குடியிருப்போர் போட்ட தெருமறியல்கள் எங்கே போய் நின்றன என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அங்கே 30-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள். தன் வேலியை மட்டும் காக்கும் அமைப்புக்குப் பக்கத்து ஊர் எதிரியாகத் தெரிவதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை.

வேறு மாதிரி அமைப்பும் இதே தெற்கு டர்பனில் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் தென் டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டமைப்பு உருவானது. இந்தியர்களின் மெரபாங்க், கலப்பினத்தவரின் வெண்ட்வொர்த், வெள்ளையரின் பிளஃப் என்று சட்டம் தனித்தனியாக அடுக்கிவைத்த பேட்டைகள் அதில் ஒன்றாக உட்கார்ந்தன. காரணம் காற்று. 1954-லும் 1963-லும் வந்த இரண்டு பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகை எந்தப் பேட்டையின் எல்லையையும் மதிக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் ஆஸ்துமாவைப் பற்றிய மருத்துவ ஆய்வு, மக்களே வாளியில் காற்றைப் பிடித்துச் சோதித்தது, பத்திரிகைகளின் தொடர் செய்திகள் எல்லாம் சேர்ந்து, காற்றைத் தொடர்ந்து அளக்கும் ஏற்பாட்டுக்கு மாநகராட்சியைக் கொண்டுவந்தன. கந்தக டை ஆக்ஸைடு குறைந்தது. அபாயக் கழிவுகளைக் கொட்டிவந்த புல்புல் டிரைவ் கிடங்கு 2011-ல் மூடப்பட்டது. அந்தப் போராட்டத்துக்காகக் கூட்டமைப்பின் டெஸ்மண்ட் டீசாவுக்கு 2014-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. பழைய விமான நிலைய நிலத்தைத் தோண்டித் துறைமுகம் கட்டும் திட்டம் வந்தபோதும், அந்த நிலத்தில் குத்தகைக்குக் காய்கறி போட்ட இந்திய விவசாயிகளோடு இவர்கள் நின்றார்கள். காற்றுக்குச் செய்ததை ஆற்றுக்கும் செய்யலாம். உம்லாசி, பிராஸ்பெக்டன், இசிபிங்கோ மூன்று பக்கத்துக்காரர்களும் ஒரே அறையில் உட்கார எந்தச் சட்டமும் தடையில்லை. உட்கார வைக்கிற சட்டமும் இல்லை என்பதுதான் குறை.

நம் பங்கையும் சொல்லிவிடுகிறேன். கழிமுகத்திலும் கடலிலும் பூஜை முடித்துவிட்டு ஃபோம் தட்டு, பிளாஸ்டிக் பை, சாமி படத்தின் கண்ணாடி எல்லாவற்றையும் மணலிலேயே விட்டுவிட்டு வருகிறோம். தேங்காயும் பூவும் மக்கிவிடும். ஃபோம் தட்டு அடுத்த ஆடிக் கூழ் வரைக்கும் அங்கேயே கிடக்கும்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2026 நவம்பர் தொடக்கத்துக்கும் 2027 ஜனவரி முடிவுக்கும் இடையில் நடந்தாக வேண்டும். 2021-ல் நாடு முழுக்க வாக்களித்தவர்கள் பதிவு செய்தவர்களில் பாதிக்கும் குறைவு. வேட்பாளர்கள் வருவார்கள், கோயிலில் மாலை போட்டுக்கொள்வார்கள், தமிழில் "வணக்கம்" சொல்லக் கற்றுக்கொண்டு வருவார்கள். அவர்களிடம் கேட்க மூன்று சின்னக் கேள்வி போதும்: கழிமுகத்துக்கு மேலே இருக்கும் பம்பு நிலையங்கள் எத்தனை, மின்சாரம் போனால் எதற்கெல்லாம் ஜெனரேட்டர் உண்டு, எது எந்த நிதியாண்டின் பட்டியலில் இருக்கிறது? பதிலுக்கு உம்லாசிப் பக்கம் கையைக் காட்டினால், அங்கே நிற்கும் தங்கள் கட்சி வேட்பாளரின் போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.